கரியால் கீறிய கதவு

காணி கிடைத்தவன் எவனும் முதலில் தலைக்கு மேலே ஒரு கூரை போடுவான். நான் பட்டறையைப் போட்டேன். அதற்கு என்னிடம் எத்தனையோ நியாயங்கள் இருந்தன. உலை எரிந்தால்தான் அடுப்பு எரியும், இரும்பு அடித்தால்தான் வீட்டுக்கு ஆணி என்று சொல்லி என் மனைவியின் வாயை அடைத்துவிடுவேன். இன்றைக்கு யாராவது கேட்டாலும் அதையேதான் சொல்வேன் போலிருக்கிறது. அந்தப் புத்தி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

நாங்கள் மலையகத்துத் தோட்டத்துச் சனங்கள். தேயிலைத் தொழிற்சாலையில் தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்துக் கத்தி தட்டுவதும் உடைந்த இயந்திரங்களுக்கு இரும்பு வளைப்பதும் என் வேலை. அவள் கொழுந்து பறித்தாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எழுபத்தேழில் இனக்கலவரம் வந்தபோது நான் தொழிற்சாலையில் நின்றேன், அவள் லயத்து வரிசையில் எங்கள் ஒற்றை அறைக் காம்பிராவில் தனியாக இருந்தாள். காம்பிராவுக்கு ஒரே வாசல். பின்சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொருவரின் காம்பிரா. வந்தவர்கள் வாசலில் விறகைக் குவித்துக் கொளுத்திவிட்டுப் போனார்கள். அக்கம்பக்கத்தார் தண்ணீர் ஊற்றி உள்ளே போனபோது அவள் பின்சுவரை நகத்தால் பிறாண்டிக்கொண்டு நின்றாளாம். வலக்கையில் மூன்று நகம் போயிருந்தது. நகம் பிறகு முளைத்துவிட்டது. ஒற்றை வாசல் உள்ள அறைக்குள் படுப்பது மட்டும் அவளுக்கு அதன்பிறகு வரவேயில்லை.

அடுத்த வருடம் வன்னிக்கு வந்து, வட்டக்கச்சிக்கு அப்பால் காடு வெட்டிக் குடியேறினோம். பக்கத்து வயல்காரர் எங்களுக்கு முன்பே யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காணி எடுத்தவர், என்னைவிட இருபது வயது மூத்தவர். வண்டியும் மரம் அறுக்க வாளும் குழி தோண்ட அலவாங்கும் இரவல் தந்தார். நாலு வீரைக் கப்பு நட்டு, மேலே கிடுகு போட்டு, புற்றுமண்ணில் உலை பிடித்தேன். சுவர் கிடையாது. பழைய சைக்கிள் சில்லு ஒன்றுக்கு வார் போட்டு, தகரத்தில் இலை வெட்டிக் காற்றாடி செய்தேன். அதைச் சுற்றினால் உலைக்குக் காற்று வரும். இரும்பை வைத்து அடிக்கும் பட்டடைக்கு ஒரு முழத் தண்டவாளத் துண்டு. தோட்டத்திலிருந்து அதை அரிசிச் சாக்குக்குள் போட்டுச் சுமந்து வந்தது அவள்தான். பஸ்ஸில் கேட்டவர்களுக்கு அம்மிக் குழவி என்று சொன்னாளாம். அப்படிப்பட்ட கெட்டிக்காரி.

காற்றாடி சுற்றியதும் அவள்தான். பட்டறை அவளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. நாலு பக்கமும் வாசல் என்று சொல்லிச் சிரிப்பாள்.

பிறகுதான் வீடு. நான் மண் வெட்ட, அவள் தண்ணீர் சுமந்து வந்து ஊற்றி மிதிப்பாள். நாளுக்கு ஒரு முழமாகச் சுவர் எழும்பியது. இடுப்பளவு வந்தபோது பின்வாசல் எங்கே என்று கேட்டாள். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. முன்கதவை நிலையோடு மாட்டப் பழைய பிணைச்சல் ஒரு சோடி கையில் இருந்தது, பின்கதவுக்கு ஒன்றும் இல்லை. நிலை அறுக்க வேண்டும், பலகை சீவ வேண்டும், பிணைச்சல் அடிக்க வேண்டும். மழைக்கு முன்னால் சுவரை முடிப்போம், கதவைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்றேன். அவள் திரும்பிப் போய் மண் மிதித்தாள்.

சுவர் காய்ந்ததும் உலையிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து வந்து, பின்சுவரின் உட்பக்கத்தில் ஒரு கதவைக் கீறினாள். ஊரில் எந்தக் கதவும் அவ்வளவு அகலம் இல்லை. மாட்டு வண்டி போகவா என்று நக்கலடித்தேன்.

"ரெண்டு பேரும் ஒண்ணா ஓடணும்ல," என்றாள். "நீங்க முன்னால, நான் பின்னாலன்னு நின்னுக்கிட்டிருக்க முடியாது."

அதற்கும் நான் சிரித்தேன். கதவு வைக்கும்வரை உள்ளே படுக்க மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றுவிட்டாள். பகலில் வருவாள், கூட்டுவாள், சமைப்பாள், சாணம் போட்டு மெழுகுவாள். மெழுகும்போதும் அந்தக் கோட்டை மட்டும் அழியவிட மாட்டாள். படுக்கைக்குப் பாயைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போய்விடுவாள். நானும் பின்னாலேயே போவேன்.

சும்மா சொல்லக் கூடாது, நானும் முயலாமல் இல்லை. முதிரையில் நிலை அறுத்தேன், பலகை சேர்த்தேன். இரண்டையும் சுவரில் சாத்தி வைத்தேன். மிச்சம் இருந்தது பிணைச்சல் மட்டும். அதற்குள் காலபோகத்துக்கு உழவு தொடங்கிவிட்டது. சுற்றுவட்டாரத்தில் வேறு பட்டறை இல்லை. ஏர்க்கொழுவும் மண்வெட்டியுமாகச் சனம் வந்து குவிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. தோட்டத்தில் யாரும் என்னை மனிதனாக மதித்ததில்லை, இங்கே ஊரே என் வாசலில் காத்து நின்றது. ஊரார் கொழுவுக்கெல்லாம் அவள் நாள் முழுக்கக் காற்றாடி சுற்றினாள். கதவு என்று வாய் திறந்தால் நாளைக்கு என்பேன்.

ஒருநாள் இரும்பு நன்றாகப் பழுத்திருந்த நேரம் பார்த்து மறுபடியும் கேட்டாள். நாலைந்து பேர் காத்து நின்றார்கள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில்.

"இங்க யாரு வந்து உன்னைக் கொளுத்தப் போறா?" என்று கத்தினேன்.

காற்றாடி நின்றது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, தன் வலக்கை விரல்களைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் சுற்றினாள். அவ்வளவுதான். அந்தச் சொல்லைத் திருப்பி எடுக்க முடியுமென்றால் இந்தக் கையை வெட்டிக் கொடுப்பேன்.

மழை இறங்கியது. பட்டறையின் நாலு பக்கமும் சாரல் அடித்தது, நுளம்பு மொய்த்துக் கடித்தது. உள்ளே வா என்று கெஞ்சினேன், திட்டினேன். ஒருமுறை வந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டே விடியும்வரை உட்கார்ந்திருந்தாள். மறுநாள் பட்டறைக்கே திரும்பிவிட்டாள். நானும் விடாப்பிடியாக வீட்டிலேயே படுத்தேன். தனியே கிடந்தால் தானாக வருவாள் என்று கணக்குப் போட்டேன்.

காய்ச்சல்தான் வந்தது. மலேரியா. மலையில் நாங்கள் அறியாத காய்ச்சல். பக்கத்து வயல்காரரின் வண்டியில் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மருந்து கொடுத்தார்கள், குறைந்தது, திரும்பி வந்தோம், மறுபடியும் பிடித்தது. இந்த முறை அவளைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டுக்குள் கிடத்தினேன். மறுக்க அவளுக்குத் தெம்பில்லை. உடம்பு ஒரு கட்டு விறகின் பாரம்கூட இல்லை. சாரல் உள்ளே அடிக்கிறது என்று முன்கதவையும் சாத்தினேன்.

அவள் பின்சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"கதவு?" என்றாள்.

"நாளைக்கு வச்சிர்றேன்."

"நாளைக்குன்னா நாளைக்குத்தானே?"

ஆமா என்றேன். மறுநாள் மத்தியானத்துக்கு முன்னால் போய்விட்டாள்.

பக்கத்து வயல்காரர் பஞ்சாங்கம் பார்த்துவிட்டு வந்து, தயங்கித் தயங்கி என் பக்கத்தில் குந்தினார்.

"தம்பி, குறை நினையாதேங்கோ. அவா அவிட்டத்திலை போயிருக்கிறா. முன்வாசலாலை கொண்டுபோகக் கூடாது. பின்சுவரை உடைச்சுத்தான் எடுக்க வேணும்."

அவிட்ட நட்சத்திரத்தில் செத்தவர்களுக்கு அப்படி ஒரு முறை உண்டு என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அவர் சொன்னது விளங்க வெகுநேரம் பிடித்தது. விளங்கியபோது நான் சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை. எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்து இரண்டு பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். எவ்வளவு அகலத்துக்கு உடைப்பது என்று யாரோ கேட்டார்கள். நான் அவர்களை உதறிவிட்டு அலவாங்கை வாங்கி, அந்தக் கரிக்கோட்டின் மேலேயே குத்தினேன். அவள் மிதித்த மண், இலேசில் விடவில்லை. முன்னால் இருவர், பின்னால் இருவராகப் பாடையைத் தூக்கிக்கொண்டு, தோள் சுவரில் உரசாமல், அதால் வெளியே போனார்கள்.

சுடலையிலிருந்து நான் திரும்பியபோது மண் குழைத்துத் தயாராக இருந்தது. பின்பக்கத்தை உடனே அடைக்க வேண்டுமாம்.

"வழி தெரிஞ்சால் திரும்பி வருவா, தம்பி," என்றார் பக்கத்து வயல்காரர்.

"வரட்டும்," என்றேன்.

அவர் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு, அவிட்டத்துத் தோஷம் கழியும்வரை, ஆறு மாதம் என் வீட்டுக்குள் யாரும் கால் வைக்கவில்லை. கொழு கொண்டுவந்தவர்களும் பட்டறையோடு நின்றுகொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

சுடலைக்குப் போய்வந்த மறுநாள் காலை, சாவுத் துடக்கு வீட்டில் செய்யக் கூடாத வேலை, உலையை மூட்டினேன். பழைய வண்டிச்சில்லின் இரும்புப் பட்டத்தில் ஒரு துண்டு கிடந்தது. காற்றாடியை நானே சுற்றினேன். கையை எடுத்ததும் நெருப்பு அடங்கும், இரும்பு பட்டடைக்கு வருவதற்குள் கறுக்கும், திரும்பப் போய்ச் சுற்றுவேன். அப்படி அடித்தும் பிணைச்சல் இரண்டுக்கும் ஒன்றரை மணித்தியாலம்தான் ஆயிற்று. அவள் இருந்து சுற்றியிருந்தால் ஒரு மணித்தியாலத்தில் முடிந்திருக்கும்.