இடது பக்கம் பூட்டிக்கொண்ட கழுத்து

டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது என் கழுத்து இடது பக்கமாகப் பூட்டிக்கொண்டது. பார்த்து அடிக்கும் தாளை எப்போதும் இடப்புறமே வைத்துப் பழகியவள் நான். எட்டு மாதம் திரும்பியே இருந்த கழுத்து, இனி நேரே வரமாட்டேன் என்று நின்றுவிட்டது. பாஸ் செய்தால் சர்க்கார் ஆபீசுக்கு மனுப் போடலாம். தவறினால் அடுத்த தடவை கிடையாது என்று அப்பா சொல்லியாகிவிட்டது.

எங்கள் ஸ்ரீராம்புரத்தில் அண்ணனுக்குக் கழுத்துப் பிடித்தால் சவரக்கடை நாற்காலி இருந்தது. முடி வெட்டியதும் தலையை இரு கையால் பிடித்து ஒரு திருப்பு, ஒரு சொடக்கு. சிரித்துக்கொண்டே வருவான். அந்த நாற்காலி பெண்களுக்கு இல்லை. எங்களுக்கு இருந்தது பின்தெருச் சூலகித்தியின் கைகள். கன்னடக்காரர்; பிரசவம் பார்ப்பவர், பிள்ளை பெற்றவர்களுக்கு முதுகு நீவிவிடுபவர். அம்மா பட்டப்பகலில் என்னை அங்கே அழைத்துப் போனாள். கல்யாணமாகாத பெண், சூலகித்தி வீடு. அம்மாவுக்கு அது தோன்றவேயில்லை. தெருவுக்குத் தோன்றியது.

சூலகித்தி என்னை மணையில் உட்காரவைத்தார். தலையைத் தொடவேயில்லை. வெதுவெதுப்பான நல்லெண்ணெயோடு இரண்டு கட்டைவிரல்கள் முதுகெலும்பின் இருபுறமும் படிப்படியாக ஏறின. தோள்பட்டை ஓரத்தில் ஒரு முடிச்சைக் கண்டு, உள்ளங்கை அடியால் அழுத்தி, நான் மூச்சை விடும்வரை காத்திருந்தார்.

"கழுத்து ஒண்ணும் பண்ணல. தோளுதான் அதப் புடிச்சு இழுக்குது. ஸ்வல்ப பொறு" என்றார். தாளைப் பக்கம் மாற்றி வைக்கவும் சொன்னார். வலி உப்பைப் போலக் கரைய ஆரம்பித்தது.

மூன்றாம் நாள் குழாயடியில் எதிர்வீட்டு அக்கா, "பொண்ணுக்கு எத்தனாவது மாசம்?" என்று அம்மாவைக் கேட்டுவிட்டார். பாதிக் குடத்தோடு திரும்பிய அம்மா, இனி போகவேண்டாம் என்றாள். அழுதேன். அழக்கூட இடது பக்கமாகத்தான் முடிந்தது.

யார் போய்ச் சொன்னார்களோ, மறுநாள் காலை சூலகித்தி எண்ணெய்க் கிண்ணத்தோடு எங்கள் தெருவுக்கே வந்தார். எங்களைத் தாண்டி நேரே எதிர்வீட்டு வாசலில் நின்றார்.

"வந்து படு. கொடம் தூக்கித் தூக்கி இடுப்பு புடிச்சிக் கெடக்குதாமே. உனக்கு எத்தனாவது மாசம்னு நானும் பாக்குறேன்."

அந்த அக்காவுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. தெருவே சிரித்தது. மறுத்தால் இன்னும் சிரிக்கும் என்று படுத்தார். கால் மணி நேரத்தில் எழுந்து, குனிந்து, நிமிர்ந்து, நம்பாமல் இன்னொரு தரம் குனிந்து பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார், "நாளைக்கும் வருவியா?"

மறுநாள் எதிர்வீட்டு வாசலில் நாலு பெண்கள் வரிசையில் இருந்தார்கள். பரீட்சைக்காரிக்கு முதல் இடம் விடச் சொன்னவர் அந்த அக்காதான்.

பரீட்சை ஹாலில் தாளை வலப்புறம் வைத்தேன். மணி அடித்ததும் முப்பது மெஷின்கள் தகரக் கூரையில் மழைபோல் பொழிந்தன. வலது பக்கம் திரும்பினேன். திரும்பியது! விரல்கள் ஓடின, மெஷினில் தாள் சுமந்த வண்டி ஓடியது, வரிக்கு வரி மணி கிணுகிணுத்தது. நான் பாஸ் என்பது பிறகு வந்த செய்தி. அன்று கடைசி வரியை அடித்துவிட்டு, நேரம் மீதியிருக்க, மேற்பார்வையாளர் முறைக்க முறைக்க, இடமும் வலமும் ஆசை தீரப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.