அப்பளத்துக்கு நியாயம்

அக்காவுக்குக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தவள் நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. நான்காம் வகுப்பில் வாய்ப்பாடு தெரியாமல் பெஞ்சு மேல் நின்றுகொண்டிருந்த காலம். இதைச் சொல்லும்போதெல்லாம் அக்கா சிரிப்பாள். ஆனால் ஒருநாளும் மறுத்ததில்லை.

திருவையாற்றுக்குக் கிழக்கே எங்கள் ஊர். ஊரில் எங்களுக்குக் கீழத்தெரு. அப்பாவும் அம்மாவும் பண்ணையில் கூலி வேலை. தெருவில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்த முதல் ஆள் அக்கா. தஞ்சாவூரில் பி.யு.சி. தேறி மூன்று கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போட்டாள். சென்னை, திருச்சி, மதுரை மூன்றுமே வந்து சேர்ந்துகொள்ளச் சொல்லிக் கடிதம் எழுதிவிட்டன. எதில் சேர்வது என்பதில்தான் வீடு இரண்டுபட்டது. அப்பா ஒரே போடாகப் போட்டார்.

"மாப்பிள்ளை வீட்டப் பாக்காம பொண்ணக் குடுப்பமா? மூணு வருசம் இருக்கப் போற எடம். மூணையும் நேர்ல பாத்துட்டுத்தான் கையெழுத்து."

அன்றிலிருந்து அது எங்கள் வீட்டில் கல்யாண காரியமாகிவிட்டது. நல்ல நாள் பார்த்தார்கள். தட்டில் என்னென்ன வைத்துக் கொண்டுபோவது என்று பேசினார்கள். நல்ல காரியத்துக்கு ஐந்து பேராகப் போவது எங்கள் வழக்கம் என்பதால் அப்பா, அம்மா, அக்கா, தாய்மாமா, நான் என்று ஆள் கணக்கும் சரியாக அமைந்தது.

பயணத்துக்குத் தலைவர் தாய்மாமா. ரயில் பாதையில் ஜல்லி தள்ளும் வேலை பார்த்தவர். ரயிலில் உட்கார்ந்து போனதைவிடத் தண்டவாளத்தில் நடந்ததுதான் அதிகம். ஆனாலும் எந்த ஊருக்கு எந்த வண்டி என்று அவரிடம் யாரும் எதிர்த்துப் பேச முடியாது. அடுப்புக்கரியால் வீட்டின் மண் தரையில் மூன்று ஊர்களையும் வரைந்து கோடு போட்டுக் காட்டினார். அம்மா ஒரு வாரம் அந்தப் படத்தைச் சுற்றித்தான் சாணி மெழுகினாள். ஒருநாள் கை தவறிச் சென்னை அழிந்துவிட, மாமா மறுபடி வரைந்தபோது அது மதுரைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. போகிற நேரம் குறையும் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

அம்மாவுக்கு மட்டும் ஊர், தூரம், வண்டி எதைப் பற்றியும் கவலை இல்லை. அவளுக்கு இருந்தது ஒரே கேள்வி, சாப்பாடு. அதற்குக் காரணம் இருந்தது. பி.யு.சி. சேர்ந்த புதிதில் அக்காவைத் தஞ்சாவூரில் ஒரு விடுதியில் விட்டிருந்தார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை, பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். சாப்பாடு ஒத்துக்கவில்லை என்று சொன்னார்கள். அதன்பிறகு வருஷம் முழுக்கப் பஸ்ஸில் போய்வந்தாள். இனிமேல் அது நடக்காது. சென்னையிலிருந்து யார் தினமும் பஸ்ஸில் வந்துபோவது? இந்த முறையும் சாப்பாடு ஒத்துக்காமல் திரும்பினால் படிப்பு அதோடு முடிந்தது. இது எனக்கே தெரிந்திருந்தது. புளிப்போ காரமோ கொஞ்சம் பொறுத்துக்கொள்ளக் கூடாதா என்று எனக்கு அக்காமேல் கோபம்கூட உண்டு.

புறப்பட மூன்று நாள் இருக்கும்போது விவசாயத் தொழிலாளர் சங்கத்து ஆள் ஒருவர் ஒரு சேதி கொண்டுவந்தார். நாங்கள் குடிசை போட்டிருந்த இடம் பண்ணைக்குச் சொந்தம். குடியிருப்பவர்களுக்கே மனையைப் பட்டா போட்டுக் கொடுக்கச் சர்க்கார் சட்டம் கொண்டுவந்திருந்தது. தெருவே மனு கொடுத்திருந்தது. அதை விசாரிக்க ரெவின்யூ இன்ஸ்பெக்டர் அந்த வாரம் வருகிறாராம்.

"பூட்டிக் கெடந்தா ஆளே இல்லன்னு பண்ணைக் காரியஸ்தர் எழுத வச்சிருவாரு, பாத்துக்கங்க" என்றார் அவர்.

பயணத்தைத் தள்ளிப்போட வழியில்லை. கல்லூரிகள் கொடுத்த கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. வாய்க்காலில் தண்ணீர் வந்து நாற்றங்கால் வேலை தொடங்கிவிட்டால் அப்பாவும் அசைய முடியாது. அம்மாதான் பேசினாள்.

"நீங்க போயிட்டு வாங்க. நான் அடுப்பெரிச்சுக்கிட்டு இங்க இருக்கேன்."

இப்போது நான்கு பேர். மாமா தலையைச் சொறிந்தார். என்னைக் கழித்துவிடலாம் என்று சொல்லிப் பார்த்தார். கழித்தால் மூன்று, மூன்று பேராகப் போனால் காரியம் விளங்காது. கடைசியில் ஒரு முழுத் தேங்காயை ஐந்தாவது ஆளாகச் சேர்த்துக்கொள்வதென்று முடிவானது. தேங்காய் என் மடிக்கு வந்தது. டிக்கெட் எடுக்கத் தேவையில்லாத ஒரே பயணி அதுதான்.

புறப்படுகிற அன்று காலையில் அம்மா எனக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"பாப்பா, எனக்குப் பதிலா நீதான் போற. கட்டடத்த அப்பா பாத்துக்குவாரு. நீ சாப்பாட்டப் பாரு. எங்க உக்கார வைக்கிறாங்க, பக்கத்துல யாரு உக்காருறா, எல்லாத்தையும் பாத்துக்க. எந்தத் தெருன்னு யாராச்சும் கேட்டா மறைக்காம சொல்லு. சொன்னதுக்கப்புறம் என்ன செய்யுறாங்கன்னு வந்து எங்கிட்ட சொல்லணும்."

"அக்காவக் கேட்டா சொல்ல மாட்டாளா?"

"அவளுக்குப் படிக்கணும். எல்லாம் நல்லாருக்குன்னுதான் சொல்லுவா."

சாப்பாட்டைச் சோதிக்கிற அதிகாரி நான். அந்த மிடுக்கிலேயே சென்னை போய்ச் சேர்ந்தேன்.

சென்னைக் கல்லூரியின் வாசற்கதவைப் பார்த்து அப்பா அசந்துபோனார். அங்கே முதல்வர் அம்மாள் மேஜைமேல் மாமா வெற்றிலைபாக்குத் தட்டை வைத்ததும் அந்த அம்மாள் எழுந்தேவிட்டார். பிறகு சிரித்துக்கொண்டு ஒரு வாழைப்பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். ஆனால் நாங்கள் போனது சாப்பாட்டு வேளை கடந்து. ஆளுக்கொரு காபிதான் கிடைத்தது. என் உத்தியோகத்துக்கு அங்கே வேலையில்லை.

திருச்சியில் ராஜ உபசாரம். ஆபீசில் ஒருவர் அக்காவின் காகிதங்களைப் புரட்டிப் பார்த்தார். எந்தத் தெரு என்றும் கேட்டார். நான் முந்திக்கொண்டு சொன்னேன். கொஞ்ச நேரத்தில் விடுதியின் பின்பக்க வராந்தாவில் எங்கள் நான்கு பேருக்கு மட்டும் தனியாக இலை போட்டார்கள். இடியில்லை, நெரிசலில்லை. சாம்பார் மணமாக இருந்தது. பாயசம்கூட ஊற்றினார்கள். அப்பா ஏனோ பாதி இலையில் எழுந்துவிட்டார். அக்கா குனிந்த தலை நிமிரவில்லை. அவள் பாயசத்தையும் நானே குடித்தேன்.

மதுரை எனக்குப் பிடிக்கவில்லை. ஆண்கள் உள்ளே வரக்கூடாது என்று அப்பாவையும் மாமாவையும் வாசலில் நிறுத்திவிட்டார்கள். அக்காவையும் என்னையும் நூறு பெண்கள் கத்திக்கொண்டிருந்த கூடத்தில் ஒரு நீளப் பெஞ்சில் நெருக்கி உட்கார வைத்தார்கள். என் பக்கத்தில் இரட்டைச்சடை போட்ட ஒருத்தி. அவளுக்குத் திருப்பனந்தாள். எங்கள் பக்கத்து ஆள் என்றதும் ஊரைக் கேட்டாள். ஊரைச் சொன்னதும் தெருவைக் கேட்டாள்.

"கீழத்தெரு" என்றேன்.

"ஓ" என்றாள். அப்படிச் சொல்லிவிட்டு, நான் ஒரு கடி கடித்துவிட்டுக் கடைசியில் தின்பதற்காக ஒதுக்கி வைத்திருந்த இரண்டாவது அப்பளத்தை என் தட்டிலிருந்து எடுத்து, கடித்து, மீதியையும் வாயில் போட்டுக்கொண்டு, "நீ பொடிசு, உனக்கெதுக்கு ரெண்டு?" என்றாள். நான் அக்காவைப் பார்த்தேன். நியாயம் கேட்பாள் என்று நினைத்தேன். அக்காவோ கண்ணில் நீர் வர அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஊர் திரும்பியபோது அம்மா நிமிர்ந்து நின்றாள். இன்ஸ்பெக்டர் வந்ததும், அடுப்பையும் பானையையும் பார்த்து எழுதிக்கொண்டு போனதும் ஆயிற்று. அப்பா சென்னை என்றார். மாமா திருச்சி பக்கம் என்றார். அம்மா இருவரையும் விட்டுவிட்டு என்னைக் கொல்லைப்பக்கம் அழைத்துப்போனாள்.

"திருச்சிதாம்மா நல்லாருக்கு" என்று அடித்துச் சொன்னேன். தனி வராந்தா, தனி இலை, பாயசம், ஒன்றுவிடாமல் சொன்னேன். அம்மாவின் முகம் சுண்டிவிட்டது. பாயசத்தைப் பற்றி அவள் ஒன்றுமே கேட்கவில்லை.

மதுரை வேண்டவே வேண்டாம் என்றேன். அப்பளத் திருட்டைச் சொன்னேன்.

"ஒன் தட்டுலேருந்தா எடுத்தா?"

"ஆமா."

"நீ அதுக்கு முன்னாடி தெருவச் சொல்லிட்டியா?"

"சொன்னதுக்கப்புறம்தான் எடுத்தா. நான் கடிச்சு வச்சிருந்தது வேற."

அம்மா அதை மறுபடி சொல்லச் சொன்னாள். மூன்றாம் முறையும் சொல்லச் சொன்னாள். கடித்து வைத்திருந்த இடம் எது என்று கையால் காட்டச் சொன்னாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், அப்பாவிடம், "மதுரையிலயே கையெழுத்துப் போடுங்க" என்றாள். அப்பா ஏன் என்று கேட்கவில்லை. பேனாவைத் தேடினார்.

என்னால் தாங்க முடியவில்லை. பார்த்து வந்து சொல்லச் சொன்னார்கள், சொன்னேன், கடைசியில் என் சொல்லுக்கு நேர்மாறாகத் தீர்ப்பு. அக்கா அங்கே மூன்று வருஷம் படித்தாள், ஒருநாளும் பாதியில் பெட்டியோடு திரும்பவில்லை. தஞ்சாவூரில் அவளுக்கு ஒத்துக்காமல் போனது சோறு அல்ல என்று எனக்குத் தெரிய இன்னும் சில வருஷம் ஆயிற்று. அன்று மத்தியானம் அம்மா கடையில் அப்பளம் வாங்கிவந்து எனக்கு மட்டும் மூன்று பொரித்துப் போட்டாள். மூன்றையும் தின்றேன். தின்றுவிட்டு, அந்த இரட்டைச்சடைக்காரியை யாராவது கண்டிக்க வேண்டும் என்று அழுதேன்.