வரிசை கட்டிச் செத்த புல்

புல்தரை போடும் தொழிலில் புல்லைப் போடுவது சுலபம். போட்டது ஏன் சாகிறது என்று வீட்டுக்காரருக்குச் சொல்வதுதான் வேலை. புதுப் புல்தரையில் பழுப்புத் திட்டைப் பார்த்து நீங்களும் முழித்திருந்தால் என் பாடு புரியும். பதினொன்றாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு, ராஜபாளையத்தில் காளீஸ்வரி அக்காவின் நர்சரியில் சேர்ந்தேன். கவரில் மண் நிரப்பியே நகம் தேய்ந்தது. கடைசியில்தான் அக்கா ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டெல்லா டீச்சர் வீட்டுப் புல்தரையை என் பொறுப்பில் விட்டார். வேர் பிடிக்கிற நேரம் பார்த்துத் திட்டுத் திட்டாகக் காய்ந்தது. டீச்சர் மகளுக்கு அந்தப் புல்மேல்தான் நிச்சயதார்த்தம்.

அக்கா சுற்றி வளைக்கவில்லை. "ஏட்டி, காரணத்தைக் கண்டுபிடி. இல்லன்னா மொத்தத்தையும் பேத்துட்டு வேற ஆளை வெச்சுப் போடுதேன். நீ பழையபடி மண்ணு ரொப்பு."

எல்லாரும் சொன்ன வைத்தியம்

பால்காரர், சிலிண்டர் போட வந்தவர், பக்கத்து வீட்டுக்காரர் என்று எல்லாரும் ஒரே வைத்தியம்தான் சொன்னார்கள்: தண்ணீர் பத்தவில்லை. நானும் நம்பி, கேட் பக்கத்துத் திட்டில் ஹோஸைத் திறந்துவிட்டேன். திட்டு பெரிதானதுதான் மிச்சம். ஓரத்தைப் பிடித்து இழுத்தால் நனைந்த பாய் மாதிரி மொத்தமாகக் கையோடு வந்தது. அடியில் சேறு. வேரெல்லாம் கறுத்து நாறியது.

நிமிர்ந்து பார்த்தேன். மொட்டைமாடித் தொட்டி நிரம்பினால் வழிகிற குழாய், நேராக அந்த இடத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது. தினமும் அது ஊற்றியது போதாதென்று நான் வேறு ஊற்றியிருக்கிறேன். குழாயைத் திருப்பிவிட்டு, மண் கொட்டி மேடாக்கினேன். டீச்சர் சேற்றை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏம்மா, இதுல பேசாம நாத்து நட்டிருக்கலாமே."

ஸ்கேல் வைத்த மாதிரி

அடுத்த திட்டு நீள்சதுரம். நோயோ புழுவோ வந்தால் புல் கோணல்மாணலாகத்தான் காயும். இது ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருந்தது. வீட்டில் கேட்டால் யாருக்கும் எதுவும் தெரியாதாம். சரி என்று ஒருநாள் சொல்லாமல் உச்சி வெயிலில் போய் நின்றேன்.

டீச்சர் வீட்டுக்காரர் ஜெயசிங் சார், மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர், புல்லின்மேல் கறுப்பு பிளாஸ்டிக் சீட்டை விரித்து மோர்மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார். சீட்டுக்கு அடியில் கையை விட்டேன். தோசைக்கல் சூடு. "சார், புல்லு மேல எதையும் வெக்காதீங்கன்னு சொல்லிட்டுத்தானே போனேன்?" என்று கத்தியே விட்டேன். அவர் முகத்தில் துளி குற்ற உணர்ச்சி இல்லை. "புல்லு மேல எங்கம்மா வெச்சேன்? சீட்டு மேலதானே வெச்சிருக்கேன்."

டாமி மேல் பழி

மிச்சம் இருந்தவை வட்டத் திட்டுகள், சாப்பாட்டுத் தட்டு அளவில். அதுவும் சரியாக நடுப்புல்லில், மாப்பிள்ளை வீட்டார் உட்காரப்போகிற இடத்தில். டீச்சர் டாமியைக் கைகாட்டினார். டாமி எங்கள் ராஜபாளையத்தில் வாங்கிய வெள்ளை ஜாதி நாய். போனில் சொன்னதும் அக்காவுக்குப் புல்லைவிட நாய்மேல் பழி வந்ததுதான் வருத்தம். நாய் மூத்திரத்தில் புல் கருகும், அது நிஜம். ஆனால் கருகின இடத்தைச் சுற்றிப் புல் கரும்பச்சையாகத் தழைக்கும். இங்கே அந்த வளையமே இல்லை.

விட மனசில்லை. மொட்டைமாடிக்கு ஏறிப் பார்த்தேன். கீழே நின்றபோது அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிந்த வட்டங்கள், மேலிருந்து பார்த்தால் இரண்டு வரிசை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரே இடைவெளி. டீச்சரை மேலே கூப்பிட்டுக் காட்டினேன். "டாமி வரிசை பிடிச்சா ஒண்ணுக்குப் போகும்?" என்றேன். அவர் வட்டங்களை விரல் நீட்டி எண்ணிப் பார்த்தார். "இந்த வீட்டுல என் பேச்சைக் கேக்குறது அது ஒண்ணுதான். இருந்தாலும் இம்புட்டுக்கெல்லாம் கேக்காது."

கடப்பாரை

முதல் வட்டத்தில் கடப்பாரையை இறக்கினேன். ணங். அடுத்ததிலும் ணங். நாலு விரல் மண்ணுக்கு அடியில் கான்கிரீட். அதன் நடுவே ஓர் இரும்புக் குழாய், வாயில் சாக்கை அடைத்துவைத்திருந்தது. அதற்குள் ஜெயசிங் சார் செருப்புகூடப் போடாமல் ஓடிவந்தார். "உடைச்சிராதம்மா, உடைச்சிராத."

புதுவீட்டுப் பிரதிஷ்டை ஜெபத்துக்குப் பந்தல் போட்டபோது, கால் ஊன்றுவதற்காக அவரே ஆள் வைத்துப் பதித்தது. பிள்ளைகள் விசேஷத்துக்கும் ஆகட்டும், திரும்பத் திரும்பக் குழி தோண்ட வேண்டாம் என்று யோசனை. சொன்னால் புல் போட வருகிறவர்கள் பெயர்த்துவிடுவார்கள் என்று பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாமல் மண்ணைப் போட்டு மூடியிருக்கிறார். வேர் இறங்க இடமில்லை, அடியில் கான்கிரீட் சூடு. புல் பிறகு எப்படிப் பிழைக்கும்?

அக்கா பஸ் பிடித்து வந்து பார்த்தார். உடைத்துப் புதுப்புல் போட்டால் விசேஷத்துக்குள் பிடிக்காது. "எப்படியும் பந்தல் வரத்தானே போகுது? பந்தக்காலை அந்தக் குழாயிலயே ஊனச் சொல்லுங்க. பொறவு மேல தொட்டிச்செடி வெச்சிருவோம்," என்றேன். அக்கா குழாய் வாயிலிருந்த சாக்கைப் பிடுங்கி, உள்ளே கையை விட்டு ஆழம் பார்த்தார்.

நிச்சயதார்த்தத்தன்று ஒவ்வொரு வட்டத்திலும், அடியில் துணி சுற்றிய ஒரு பந்தல்கால் நின்றது. காய்ந்த இடம் ஒருவர் கண்ணிலும் படவில்லை. ஜெயசிங் சார் வந்தவர்களிடமெல்லாம் பந்தல்காலைத் தட்டித் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். அக்கா கேசரித் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அடுத்த வாரம் வத்திராயிருப்புல ஒரு வீடு, நீயே போட்டுரு. புல்லை இறக்குறதுக்கு முன்னாடி, உள்ள என்னத்தைப் பொதைச்சிருக்காருன்னு மட்டும் அந்த வீட்டுக்காரர்கிட்ட கேட்டுக்க."

என் அனுபவத்தில், புல்லுக்கு வருகிற நோய்களில் பாதி வீட்டுக்காரருக்கு வந்த யோசனைதான்.