மிச்ச மாத்திரைகள்

டைம் கீப்பரை எங்கே பார்த்தாலும் அந்த ஓட்டுநருக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒன்பது வருடக் கோபம். கடைசி நிறுத்தத்தில் பஸ்ஸைத் திருப்ப நாலே நிமிடம்தான் எழுதிக் கொடுப்பான். ஆம்பிளைக்கு ஒரு சுவர் போதும். அவரோடு ஓடிய கண்டக்டரம்மா எங்கே போவாள்? நிலையத்துக் கழிப்பறை பாதி நாள் பூட்டிக் கிடக்கும்.

அதனால் அவள் வேலை முடியும்வரை தண்ணீரே குடிக்கமாட்டாள். "குடிச்சாத்தானே வம்பு?" என்பாள். வாய் மட்டும் ஓயாது. படியில் நிற்பவனைப் பார்த்து, "உள்ள வாங்க சார், காயப்போட்ட சட்டை மாதிரி தொங்காதீங்க" என்று ஒரு போடு போடுவாள்.

சிறுநீர் எரிச்சல் வந்தால் மருந்துக்கடையில் கேட்க அவளுக்குக் கூச்சம். ஓட்டுநர்தான் போவார். டாக்டர் சீட்டெல்லாம் கிடையாது. "போன தடவ குடுத்தது" என்றால் கடைக்காரர் கத்தரித்து நீட்டிவிடுவார். ஐந்து நாள் மாத்திரை. மூன்றாம் நாள் எரிச்சல் அடங்கியதும் மிச்சம் அவள் பைக்குள் போய்விடும். அடுத்த தடவை அதிலிருந்துதான் தொடங்குவாள்.

இந்தத் தடவை எரிச்சல் அடங்கவில்லை. காய்ச்சல், விலாவில் குத்தல். டிக்கெட் கிழிக்க முடியாமல் சீட்டில் சாய்ந்துவிட்டாள். ஓட்டுநர் பயணிகளைப் பின்னால் வந்த பஸ்ஸில் ஏற்றிவிட்டு, வண்டியை நேரே ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்.

இரண்டு நாள் கழித்துப் பெண் டாக்டர் பரிசோதனைத் தாளைக் காட்டினார். பன்னிரண்டு மருந்தை வைத்துச் சோதித்ததில், பதினொன்று அந்தக் கிருமியிடம் எடுபடாது.

"டெஸ்ட் எடுக்காம, அரைகுறையா, எத்தனை தடவ முழுங்கியிருக்காங்க! கிருமிக்கு எல்லாம் பழகிப்போச்சு. இப்ப ரத்தத்துலயும் ஏறிடுச்சு."

"நான்தாம்மா வாங்கிக் குடுத்தேன்."



மிஞ்சிய ஒரே ஊசியைப் போட்டுப் பார்த்தார்கள். சிறுநீரகம் தாங்கவில்லை. பதினோராம் நாள் கண்டக்டரம்மா போய்விட்டாள்.

அதற்கு முந்தின நாள் மதியம் நினைவோடுதான் இருந்தாள்.

"அண்ணே, நம்ம டிப்போல புதுசா சேர்ந்த பொண்ணு இருக்கால்ல, அவளுக்கும் எரிச்சல்னு சொன்னா. என் மாத்திரைல நாலு குடுத்துட்டேன்."

"அறிவிருக்கா உனக்கு?"

"அப்புறமா திட்டுங்க. மொதல்ல போய் அத அவகிட்டேர்ந்து திருப்பி வாங்கிடுங்க. இங்க கூட்டிட்டு வந்து டெஸ்ட் எடுக்க வைங்க. கூச்சப்படுவா. நீங்க உள்ள வராதீங்க, வாசல்லயே நில்லுங்க."