குதிர்க்கார மாதையனின் வயிறு

பென்னாகரத்துப் பஸ் எட்டிக்கூடப் பார்க்காத மேடு எங்கள் முள்ளிமலை. கழுதையே யோசித்துத்தான் ஏறும். அடிதடி, பூட்டு, போலீஸ் எதுவும் இதுவரை ஏறி வந்ததில்லை. விளைகிற ராகியெல்லாம் ஊருக்குப் பொதுவான ஒரே குதிருக்குள் போகும். அதைக் காப்பதும் அளந்து தருவதும் மாதையன் வேலை.

குதிர்க்காரன் தன் வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. தினம் ஒரு வீட்டில் சாப்பிட வேண்டும். எந்த வீட்டுச் சாப்பாடு மெலிந்திருக்கிறதோ அங்கே ராகியைக் கூட அளப்பான். வாய்விட்டுக் கேட்டுக் கூச வேண்டிய நிலை யாருக்கும் இல்லை. நல்ல சட்டம்தான். ஆனால் எங்கள் ஆட்கள் லேசுப்பட்டவர்களா? இந்த வருஷம் காட்டுப்பன்றி பாதி விளைச்சலைத் தின்று தீர்த்ததும், மாதையன் போகிற வீட்டிலெல்லாம் திடீர் வறுமை. தட்டில் தண்ணீராய்க் கூழ் இருக்கும், கொல்லையில் அவரைக்கொட்டைக் குழம்பு மணக்கும்.

“கொழம்பு மூக்குக்கு, கூழு வாய்க்கா, ராமக்கா?” என்று கேட்டான்.

“அது பக்கத்து வூட்டு வாசமுங்க” என்றாள் ராமக்காள். பக்கத்து வீட்டிலும் இதே பதில்தான். ஊருக்கே அளக்கிறவன் துரும்பாய் இளைத்துப் போனான். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

தங்கம்மாள் மட்டும் வேறு மாதிரி. புருஷன் செத்தபின் இரண்டு பிள்ளைகளோடு இருப்பவள், ரோஷக்காரி. அவள் களியும் கோழிக்குழம்பும் போட்டாள். மாதையன் ஆசையாக உட்கார்ந்தான். சுவரோரம் நின்ற பிள்ளைகள் அவன் கையையே பார்த்தார்கள். முட்டையிடும் அவர்களுடைய ஒரே கோழியை வாசலில் காணோம்.

“ராகி இருக்குதா தங்கம்மா?”

“எங்க வூட்டுக்கு என்னங்க கொறை? சாப்புடுங்க.”

விருந்து போட்ட வீட்டுக்கு ராகி கூட அளந்தால் ஊர் ஏன் என்று கேட்கும். அவள் நிலைமை சந்தி சிரிக்கும். அளக்காவிட்டால் பிள்ளைகள் பட்டினி. இரண்டு வாயோடு தட்டைப் பிள்ளைகள் பக்கம் தள்ளிவிட்டு எழுந்தான். தெருவுக்கு வந்து எல்லார் காதிலும் விழச் சொன்னான்: “தங்கம்மா சமையலு வாயில வெக்க முடியல. அரை வயிறுகூட நெறையல!”

வயிறு நிறையவில்லை என்றால் சட்டப்படி ராகி. மறுநாளே மூட்டை போய் இறங்கியது. குதிர்க்காரன் அளந்ததைத் திருப்பி அனுப்பும் பழக்கம் எங்கள் ஊரில் கிடையாது.

“இருந்த கோழிய அடிச்சுப் போட்டவளுக்கே நொட்டை சொல்றியா?” என்று தங்கம்மாள் தினமும் குதிர் முன்னால் நின்று திட்டினாள். முதலில் குரலே எழும்பவில்லை. போகப்போக மலையே அதிர்ந்தது.

மாதையன் என்னிடம் எல்லாவற்றையும் சொன்னது அப்போதுதான். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

“கேட்டியா? தெம்பு வந்துருச்சு.”