இரண்டு குப்பம்மாளும் ஒரு பதிவேடும்

லேப் வேலை என்றால் நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்திருப்பது என்று ஊர் நினைக்கிறது. இதில் சிக்கியவர்களுக்குத் தெரியும், பாதி நாள் கண் பதிவேட்டில்தான் கிடக்கும்.

எழுபதுகளின் கடைசியில், உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு சின்ன அரசு ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை கிடைத்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். மலேரியா மறுபடி தலைதூக்கியிருந்த காலம். ஜுரம் கண்டவர்களின் விரலைக் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்லைடில் தடவி என்னிடம் கொண்டுவருவார்கள். நான் சாயம் போட்டுப் பார்த்து, கிருமி உண்டா இல்லையா என்று எழுத வேண்டும். நான் கும்பகோணத்துக்காரி. அம்மா இறந்து, அண்ணன் பம்பாய்க்குப் போன பிறகு வந்த உத்தரவு. எந்த ஊர் என்றுகூடச் சரியாகப் பார்க்காமல் பெட்டியைக் கட்டினேன்.

செருப்புப் பெட்டி

எனக்கு முன்னால் இருந்தவர் ஸ்லைடு வந்த வரிசையில் எழுதிக்கொண்டே போயிருந்தார். இன்ன ஊர் முனியம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று யாராவது கேட்டால் நோட்டு முழுவதையும் புரட்ட வேண்டும். செருப்புக் கடையில் ஒரு காலிப் பெட்டி வாங்கிவந்தேன். மருந்து வந்த அட்டைகளைக் கத்தரித்து, ஊருக்கு ஒரு கட்டு, ஆளுக்கு ஓர் அட்டை என்று அடுக்கினேன். ஸ்லைடு நம்பர், பெயர், முடிவு, மாத்திரை கொடுத்த தேதி. கிருமி இருந்தால் சிவப்புக் கோடு.

ஒரு மாதம் பிடித்தது. சாயங்காலத்தில் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாததால் வேலை ஓடியது. டாக்டரிடம் பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். நாலு அட்டையை உருவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்லா இருக்கும்மா. ஆனா இத எடுத்துப் பாக்க உன்ன விட்டா இங்க வேற யாரு இருக்கா?"

எறும்பு

வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துவருபவர் ஏகாம்பரம். மலேரியா ஒர்க்கர், நாற்பத்தைந்து வயது, சைக்கிள் இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. ஒரு மழைக்காலத்தில் ஸ்லைடுகளைப் பையில் வைத்துக்கொண்டே பழையசீவரத்தில் இருக்கும் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டார். பாலாறு பெருகி, ஒரு வாரம் இந்தப் பக்கம் வர முடியவில்லை. வந்ததும் பொட்டலத்தைப் பிரித்தேன். பென்சிலில் எழுதிய நம்பர் எல்லாம் பத்திரமாக இருந்தது. ரத்தத்தை எறும்பு தின்றிருந்தது.

பதிவேட்டில் "பரிசோதிக்க இயலவில்லை" என்று பன்னிரண்டு முறை எழுதினேன். மறுபடி குத்தப் போனபோது, ஜனங்கள் திட்டுவார்களே என்று ஏகாம்பரம் என்னையும் துணைக்கு அழைத்துப் போனார். யாரும் திட்டவில்லை. ஒரு பெரியவர் மட்டும் விரலை நீட்டிக்கொண்டு கேட்டார்: "போனவாட்டி குத்தி எறும்புக்குக் குடுத்தீங்க. இந்தவாட்டி யாருக்கும்மா?"

பழுப்பு உறை

மாவட்ட அலுவலகத்திலிருந்து வாரம் ஒரு கடிதமாவது வரும். கூட்டல் சரியில்லை, போன மாத அறிக்கை வரவில்லை, வந்தது தெளிவாக இல்லை. ஒரே ஆள் எழுதுகிறார் என்பதைக் கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்தேன். 'அனுப்பவும்' என்பதில் அவர் எப்போதும் ஒரு புள்ளியை விட்டுவிடுவார். அவரை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் கடிதம் வராத வாரம் ஏதோ குறைந்தாற்போல் இருக்கும். தபால்காரர் ஒரு நாள் உறையை மேஜையில் வைத்துவிட்டு, போகாமல் நின்றார். "கேக்கறேன்னு தப்பா எடுத்துக்காதம்மா. உனக்கு சர்க்கார் கவரத் தவிர வேற கடுதாசியே வராதா?"

இரண்டு குப்பம்மாள்

இது என் தவறு. அட்டையில் இடம் போதவில்லை என்று வீட்டு எண்ணை எழுதாமல் விட்டிருந்தேன். ஏரிக்கரை ஊர் ஒன்றிலிருந்து குப்பம்மாள், கணவர் பெயர் முனுசாமி என்று ஒரு ஸ்லைடு வந்தது. கிருமி இருந்தது. சிவப்புக் கோடு போட்டுக் கொடுத்தேன். ஏகாம்பரம் அட்டையோடு ஐந்து நாளும் போய் மாத்திரை கொடுத்துவிட்டு வந்தார். மூன்று வாரம் கழித்து அதே பெயரில் இன்னொரு ஸ்லைடு. பார்த்தால் கிருமி மொய்க்கிறது. பழைய பதிவேட்டைப் புரட்டினேன். அந்த ஊரில் முனுசாமி பெண்டாட்டி குப்பம்மாள் இரண்டு பேர், வெவ்வேறு வீட்டு எண்ணில். மாத்திரை தின்றவள், எப்போதோ ஜுரம் வந்து போன இன்னொருத்தி.

ஏகாம்பரம் வேறு ஊருக்குப் போயிருந்தார். மாத்திரையை எடுத்துக்கொண்டு நானே பஸ் ஏறினேன். இறங்கி இரண்டு மைல் நடை. கடைசி வீட்டில், கிழிந்த கம்பளிக்குள் ஒருத்தி சுருண்டு கிடந்தாள். ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர் தூக்கிப் போடுகிறதாம். வீட்டில் வேறு ஆள் இல்லை. முனுசாமி செங்கல்பட்டுக்கு வேலைக்குப் போய் ஆறு மாதம் ஆகிறது. மாத்திரையை விழுங்கவைத்து, தவறு என்னுடையது, மன்னித்துக்கொள் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. "என்னத் தேடிக்கினு இத்தினி தூரம் நடந்தா வந்த? எங்க வூட்டுக்காரு கூட இப்பிடி தேடுனது இல்லம்மா."

மீதி நாலு நாளும் போனேன். எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

குடும்பத் தலைவர்

அந்த வருஷக் கடைசியில் எனக்கே ஜுரம் வந்தது. மூன்றாம் நாள் என் விரலை நானே குத்திப் பார்த்தேன். கிருமி இருந்தது. ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது. சாயம் அவ்வளவு அழகாக ஏறியிருந்தது.

மாத்திரையை ஒர்க்கர் கண் முன்னால்தான் விழுங்க வேண்டும் என்பது விதி. எனக்கும் அதேதான். ஏகாம்பரம் தன் மனைவி கொடுத்தனுப்பிய கஞ்சித் தூக்கோடு குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்று படிவத்தைப் பிரித்தார். பெயர், வயது, ஊர் எல்லாம் அவரே எழுதிவிட்டார். அப்புறம் பேனா நின்றது.

"குடும்பத் தலைவர்னு ஒரு கோடு கீதும்மா. யார் பேரப் போடட்டும்?"

பம்பாய் அண்ணனை நினைத்தேன். இரண்டு வருஷமாகக் கடிதம் இல்லை.

"என் பேரையே போடுங்க."

அவர் என்னையும் படிவத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாக எழுதிவிட்டு, தூக்கின் மூடியைத் திறந்து என் பக்கம் நகர்த்தினார். "அப்ப நீ மாத்திர துன்ன மாட்டேன்னு அடம் புடிச்சா, நான் யாராண்டம்மா போயி சொல்றது?"

இப்போது லேபில் எல்லாம் கம்ப்யூட்டராம், பெயரைத் தட்டினால் விவரம் வந்து நிற்கிறதாம். எங்கள் காலத்தில் விவரம் தப்பினால் ஆளைத் தேடி பஸ் ஏற வேண்டியிருந்தது, எனக்குப் பேச ஆள் கிடைத்ததே அப்படித்தான்.