ரோசாவைப் பொய்யாக்கினேன்

கொல்லப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றி, அவள் கொல்லப்படவே இல்லை என்று சொன்னவன் நான். தெரியாமல் சொல்லவில்லை. தெரிந்தே சொன்னேன்!

ஸில்மியா, உனக்கும் உன் தம்பிக்கும்தான் இதை எழுதுகிறேன். அந்தப் பொய்யை என் வாயோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை... உன் வாயாலும் சொல்ல வைத்தேன். அப்போது உனக்குப் பன்னிரண்டு வயது.

நான் ஒன்பதாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கண்டக்குழியில் நம் வீட்டோடு சேர்ந்த அறையை வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விடத் தொடங்கிய காலம் அது. காற்றுக் காலத்தில் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க வருவார்கள். ஒல்லாந்திலிருந்து வயதான ஒரு பெண்மணி மகனோடு வந்து தங்கினார். மகன் கடலிலேயே கிடப்பான். அவர் நம் முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பார்.

ஒரு பின்னேரம் என் சொந்த ஊரைக் கேட்டார். மன்னார் என்றேன். தொண்ணூறில் ஆயுதக்காரர் முஸ்லிம்களான எங்களை விரட்டியதைச் சொன்னேன். என் உம்மாவின் காதில் கிடந்ததைக்கூடக் கழற்றி வாங்கியதை, வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து வெறுங்கையோடு இறங்கியதை... எல்லாம் சொன்னேன். நீதான் இங்கிலீஷில் அவருக்குச் சொன்னாய். ஒரு சொல்லைக்கூட அவர் சந்தேகிக்கவில்லை. அழுதார்.

பிறகு தன் கதையைச் சொன்னார்; நீ அதைத் தமிழில் சொல்லித் தந்தாய்.

அவருடைய தாயின் மூத்த சகோதரி ரோசா. யூதப் பெண். சட்டை தைத்துப் பிழைத்தவள். ஹிட்லரின் படை ஒல்லாந்தைப் பிடித்திருந்த காலத்தில், தங்கையை ஒரு தோட்டக்காரர் வீட்டில் ஒளித்துவிட்டு, நோயாளித் தகப்பனை விட்டுப் போக மனமில்லாமல் தான் மட்டும் வீட்டிலேயே இருந்தாள். தகப்பனையும் மகளையும் பிடித்து ரயிலில் ஏற்றினார்கள். கிழக்கே ஒரு முகாமுக்கு. போய் இறங்கிய அன்றே இரண்டு பேரையும் நச்சுவாயு அறைக்குள்... அடக்கம் செய்த ஒரு கப்றுகூட இல்லை. ரயில் போன மறுநாள் எதிர்வீட்டார் வந்து ரோசாவின் அலுமாரியைத் தூக்கிக்கொண்டு போனார்களாம்.

அலுமாரி! நாங்கள் வள்ளம் ஏறப் போகும்போதே எங்கள் வீட்டு அலுமாரியை வாசலுக்கு இழுத்தவர்களை நான் கண்ணால் கண்டவன். இப்படி ஒன்றை எவரும் இட்டுக்கட்டிச் சொல்ல மாட்டார்கள்.

“இன்னா லில்லாஹி...” என்று வாயில் வந்துவிட்டது. சாவுச் செய்தி காதில் விழுந்தால் நம் நாக்கு யாரைக் கேட்டுச் சொல்கிறது?

பக்கத்தில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்த வள்ளக்கார அன்சார் கோப்பையைக் கீழே வைத்தார்.

“என்ன காக்கா, யஹூதிக்கு இன்னா லில்லாஹியா? வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிய அவளுக்கு ஜனாஸாத் தொழுகையும் வைக்கச் சொல்லவா?”

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தக் கிழமை முழுக்க டீவியில் இஸ்ரேல் குண்டில் செத்த பலஸ்தீனக் குழந்தைகளின் உடல்கள்... ஊரே கொதித்துக்கொண்டிருந்தது. நாளைக்குப் பள்ளிவாசல் முற்றத்தில் என் கதைதான் ஓடும் என்று பயந்தேன். பயம்தான். அதற்கு வேறு நல்ல பெயர் வைக்க மாட்டேன்.

“சே, சும்மா வாயில வந்திட்டு,” என்றேன். “இதெல்லாம் அவங்க கட்டின கதை. அப்பிடி ஒண்டும் நடக்கல்ல. மகள், அவவுக்கு அதச் சொல்லு.”

“வாப்பா... அவ அழுறாவே.”

“சொல்லு எண்டால் சொல்லு!”

தலையைக் குனிந்துகொண்டு சொன்னாய். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. உன் தலையைத் தடவிவிட்டு எழுந்து அறைக்குப் போனார். மறுநாள் வேன் வந்தது. அவருடைய பெட்டியை நான்தான் தூக்கி ஏற்றினேன். ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்! சொல்லவில்லை.

பலஸ்தீனக் குழந்தைகளுக்காக நான் அழுதது பொய்யில்லை. இன்றும் அழுகிறேன். ஆனால் ரோசாவா குண்டு போட்டாள்? நாங்கள் வள்ளத்தில் வந்த புதிதில், அகதி முகாமில், நிவாரண வரிசையில், “உங்கள யாரு விரட்டின? அரிசிக்குத்தானே வந்தீங்க!” என்று ஒருவன் சொன்னான். அன்று முழுக்க உம்மா சோற்றைத் தொடவில்லை. அவனும் நானும் வேறா?

இப்போது நீ ஆசிரியை. போன மாதம் சாப்பிடும்போது, யூதர்களைக் கொன்றது பற்றிச் சரித்திரப் புத்தகத்தில் இருப்பதைத் தம்பி உன்னிடம் கேட்டான். நீ சோற்றுப் பீங்கானிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னாய்:

“சோதினைக்கு எழுது. ஆனா அது கட்டுக்கதை.”

“இல்ல மகள், அது நடந்தது,” என்றேன்.

“நீங்கதானே வாப்பா சொல்லித் தந்தீங்க? வெள்ளக்காரனுக்கு ரூம் குடுத்துக் குடுத்து இப்ப மனசும் மாறிட்டா?”

தம்பி சிரித்தான். எனக்குச் சிரிக்க வரவில்லை. அன்றைக்கு அன்சாருக்குப் பயந்து பொய் சொன்னேன் என்று முதல் தடவையாக உன்னிடம் ஒப்புக்கொண்டேன்.

நீ பீங்கானைத் தள்ளி வைத்தாய். “பயத்துல சொன்னது அண்டைக்குச் சொன்னதா, இப்ப சொல்றதா... எனக்கெப்பிடி வாப்பா தெரியும்?” என்றாய்.

நான் என்ன சொன்னாலும், என் வாயிலிருந்து வருகிற பதிலை நீ எதை வைத்து நம்புவாய்?

இன்று காலையும் நீ பள்ளிக்கூடம் போய்விட்டாய். இந்த நேரம் ஒரு வகுப்புப் பிள்ளைகள் உன் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்...